டர்பனிலிருந்து கயலாமிக்கு: டிராக் டேக்குக் காரைத் தயார் செய்வது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் சனிக்கிழமையானால் யாராவது ஒரு தம்பி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். என் கார் 2012 மாடல் டொயோட்டா 86. ஆறு வருடமாக டிராக்குக்குக் கொண்டு போகிறேன், முக்கியமாக ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலுள்ள கயலாமி பந்தயத் தடத்துக்கு. இங்கே எழுதியிருப்பதில் பெரும்பாலானது மற்ற பின்சக்கர ஓட்டக் கார்களுக்கும் பொருந்தும், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ மாதிரி முன்சக்கர ஓட்டக் கார்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

டிராக் டே என்றால் ரேஸா?

இல்லை. கோப்பை கிடையாது, யார் முதலில் வந்தார் என்ற கணக்கும் கிடையாது. பணம் கட்டினால் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டலாம். அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். ஒரு குழு பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டும் (இதுதான் ஒரு செஷன்), அப்புறம் இறங்கி அடுத்த குழுவுக்கு வழிவிடும். குறிப்பிட்ட இடங்களில் மட்டும், முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம். கொடிகளைக் காலைக் கூட்டத்தில் சொல்லித் தருவார்கள். அந்தக் கூட்டத்தில் போனை நோண்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

நம் நேட்டால் மாகாணத்திலேயே ஓட்ட இடமில்லையா? எதற்கு 600 கிலோமீட்டர் போக வேண்டும்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் தடம் இருந்தது. 1981இல் மூடிவிட்டார்கள். என் மாமாவுக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. இப்போது தெற்குக் கடற்கரையில் போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வே இருக்கிறது. சிறிய தடம், பழகுவதற்கு நல்ல இடம். ஆனால் ஒரு முறை கயலாமியில் ஓட்டியவனுக்கு மனம் அங்கேயேதான் போகும். 1961இல் தொடங்கிய தடம் அது, 1967 முதல் 1985 வரையும் பிறகு 1992, 1993இலும் ஃபார்முலா ஒன் நடந்த இடம். 2014இல் ஏலத்துக்கு வந்தபோது வீட்டு மனைகளாகப் பிரித்து விற்றுவிடுவார்கள் என்றே எல்லோரும் பயந்தோம். போர்ஷே தென்னாப்பிரிக்காவின் டோபி வென்ட்டர் 20 கோடியே 50 லட்சம் ராண்டுக்கு வாங்கிப் புதுப்பித்தார். இப்போது சுற்று நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர்.

பிரிட்டோரியாவுக்கு மேற்கே ஸ்வார்ட்கோப்ஸும் உண்டு. சுற்றுக்கு 2.4 கிலோமீட்டர்தான், ஆனால் பிரேக்கை அது கசக்கிப் பிழிந்துவிடும்.

எக்ஸாஸ்ட் போடலாமா, டர்போ போடலாமா, எதில் முதலில் பணம் போட வேண்டும்?

பிரேக் ஆயில். அப்புறம் பிரேக் பேட். அப்புறம் டயர். நாலாவதாக, உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பயிற்றுநர். எக்ஸாஸ்ட்டை எல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

யாருக்கும் இந்தப் பதில் பிடிப்பதில்லை, தெரியும். எக்ஸாஸ்ட் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும், பிரேக் ஆயில் மாற்றினால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோரிடம் டிரெய்லர் இல்லை. எந்தக் காரை டிராக்கில் போட்டு அடிக்கிறோமோ அதே காரில்தான் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வீடு வந்து சேர வேண்டும், திங்கட்கிழமை வேலைக்கும் போக வேண்டும். காரில் எதை மாற்றினாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

மூன்றாவது செஷனில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. என்ன ஆயிற்று?

ஆயில் கொதித்துவிட்டது. எனக்கே நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கயலாமியில் லியூகாப் வளைவு தாண்டியதும் மைன்ஷாஃப்ட் என்ற இறக்கம் வரும். பேருக்கு ஏற்ற மாதிரி சுரங்கத்துக்குள் விழுவது போல இருக்கும். என் முதல் டிராக் டே, மூன்றாவது செஷன். இறக்கத்தின் அடியில் பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சுமூட்டையில் அழுந்துவது போல உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து விட்டதில் கொஞ்சம் பிடிப்பு வந்தது. கியரைக் குறைத்து, தடத்தை விட்டு அகலமாக வெளியே போய் நின்றேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

தப்பு என்னுடையது. இரண்டு வருடத்துப் பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டர்பன் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியில் உப்பு கட்டியாகிற ஊர். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தத் தாங்குதிறன் 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டிராக்கில் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) சூட்டுக்கு அது போதாது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும்.

டிராக் டேக்கு முந்தின வாரம் புது ஆயில் மாற்றுங்கள். கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் உள்ள ரேஸிங் ஆயில்கள் கிடைக்கின்றன, டாட் 4 காருக்கே ஒத்துப்போகும். டாட் 5 என்று எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள். அது சிலிகான், மற்றதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது ஒத்துப்போகும். பெயர் வைத்தவரை என்ன சொல்வது!

பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்துக்கு அடியில், காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் நிப்பிளில். எங்கள் வீட்டில் பெடலில் என் மகள் உட்காருவாள். "அமுக்கு... பிடி... விடு" என்று நான் சொல்லச் சொல்ல அவள் செய்வாள். நிப்பிளை நான் மூடுவதற்கு முன்னால் பெடலை விட்டால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே ஏறும், எனவே சொல்லுக்குக் காத்திருக்கும் ஆளாகப் பாருங்கள். என் தம்பி அதற்கு லாயக்கில்லை.

பெடல் கல் மாதிரி கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லையே?

அது ஆயில் கோளாறு இல்லை, பேட் கோளாறு. சாலைக்கான பேட் ஒரு சூட்டுக்கு மேல் போனால் டிஸ்க்கைப் பிடிக்காமல் வழுக்கும். மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு தீய்ந்த வாடையும் வரும். சக்கரத்தைக் கழற்றிப் பேட்டின் ஓரத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்து விரலால் தொட்டால் உதிர்ந்தால் அந்தப் பேட்டின் கதை முடிந்தது. காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையையும் பாருங்கள். என்னுடையது ஒரு முறை பொரித்த அப்பளம் போல நொறுங்கியது.

டிராக் பேட் போட்டால் இது தீரும். ஆனால் முழுக்க ரேஸுக்கென்றே செய்த பேட் குளிரில் பிடிக்காது, சிக்னல் சிக்னலாகக் கிறீச்சிடும். நான் சாலைக்கும் டிராக்குக்கும் நடுவிலுள்ள வகையைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். கோவில் வாசலில் நிறுத்தும்போது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

புதுப் பேட்டைப் பதப்படுத்தாமல் டிராக்கில் இறங்காதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 100லிருந்து 20 கிலோமீட்டர் வேகம் வரை அழுத்தமாகப் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, எட்டு பத்து முறை செய்யுங்கள். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பேட் பெட்டியில் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. சூடான பேட்டிலிருந்து பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். செஷன் முடிந்து வந்து பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேட் அந்த இடத்தில் அச்சு விட்டுப்போகும். அதனால்தான் கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டச் சொல்வது. உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையை அணைகொடுங்கள். திட்டு லேசாக இருந்தால் மறுபடி பதப்படுத்தினாலே போய்விடும்.

பிரேக் பிடிக்காதபோதும் நடுங்கினால் அது வேறு கதை. சக்கர பாலன்ஸ், அல்லது ரிம் வளைவு. ஊஊஊ என்று ஒரு ஒலி வந்து, ஒரு பக்கம் திருப்பும்போது கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் வீல் பேரிங். பேரிங் சந்தேகத்தோடு அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

டர்பனில் பறக்கிற கார் கயலாமியில் சோம்புகிறது. இன்ஜின் போச்சா?

இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றுதான் குறைவு. கயலாமி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் பலத்தை இழக்கும். 147 கிலோவாட் உள்ள என் கார் அங்கே 125 கிலோவாட் காராகிவிடுகிறது. டர்போ கார்கள் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், அதனால்தான் அங்கே ஜிடிஐ ஓட்டுகிறவர்களுக்கு நம்மைத் தாண்டிப் போகும்போது அவ்வளவு சிரிப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. மெல்லிய காற்று ரேடியேட்டரையும் டிஸ்க்கையும் குறைவாகவே ஆற்றும். டர்பனில் தாங்கியது அங்கே தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

பெட்ரோல்? உள்நாட்டில் 93, 95 இரண்டும் விற்கிறார்கள். டர்போ காரானாலும் கம்ப்ரெஷன் அதிகமுள்ள காரானாலும் 95தான். இரண்டு ராண்டை மிச்சம் பிடிக்கிற இடமில்லை இது.

டயர் காற்று எவ்வளவு வைப்பது?

சூடான பிறகு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. என் காருக்குச் சூட்டில் 2.3 பார் ஒத்துவருகிறது. அதற்காகக் காலையில் 1.9 அல்லது 2.0இல் தொடங்குகிறேன். செஷன் முடிந்து வந்த உடனே, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அளந்து கூடுதலை இறக்குங்கள். மாலையில் மறுபடி ஏற்றாமல் நெடுஞ்சாலையில் கிளம்பாதீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டர்பனில் 2.2 வைத்து மேலே போனால், ஒருவரும் கை வைக்காமலே அளவுமானி கிட்டத்தட்ட 2.36 காட்டும். டயருக்குள் இருப்பது மாறவில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. அளவுமானி காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆடி மாதத்தில் போனால் இது தெரியாது. இங்கே மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற அந்த நாட்களில் அங்கே விடியற்காலை உறைபனி. குளிரில் டயர் அழுத்தம் இறங்கி இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். கோடையில் போனால்தான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எப்படியானாலும் டர்பனில் வைத்த காற்றை நம்பாமல் தடத்தில் போய் அளந்துகொள்ளுங்கள்.

டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து போகிறதே?

கேம்பர் போதவில்லை. சாலைக்கார் முன்சக்கரம் ஏறக்குறைய நட்டுக்குத்தாக நிற்கும். வளைவில் கார் சாயும்போது டயர் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். சக்கரத்தின் மேற்பகுதியை உள்ளே சாய்த்து 2 அல்லது 2.5 டிகிரி நெகட்டிவ் கேம்பர் கொடுத்தால் டயர் முழு அகலமும் தரையில் உட்காரும். கேம்பர் போல்ட் மலிவு, ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், பூஜ்யத்தில் இருக்கட்டும். கேம்பரை விட டோதான் நெடுஞ்சாலையில் டயரைத் தின்னும்.

86 புதிதாக வந்தபோது 17 அங்குல ரிம்மில் பிரியஸுக்குப் போட்ட அதே வகை டயரோடு வந்தது. வழுக்கி விளையாடட்டும் என்றே அப்படிச் செய்தார்கள். பழக அது நல்லதுதான். பிடிப்பு குறைந்த டயர் முன்கூட்டியே முனகிச் சொல்லும், ஒட்டுகிற டயர் சொல்லாமல் விட்டுவிடும். முதல் இரண்டு மூன்று முறை பழைய டயரிலேயே போங்கள்.

காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) போடலாமா?

மலிவானதாக இருந்தால் வேண்டாம். பழைய ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் நல்ல நிலையில் இருந்தால் அதுவே மேல்.

சூடேறுகிறது. பெரிய ரேடியேட்டர் வாங்கவா?

முதலில் மூடியைப் பாருங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பானையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 1.1 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் கொதிநிலை 120க்குப் பக்கத்தில் போகும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, நீங்கள் 95க்கே திரும்பி வந்துவிடுவீர்கள். பெரிய ரேடியேட்டர் வாங்கிப் போட்டும் சூடு இறங்காமல், கடைசியில் மூடி மாற்றிச் சரியான கார் ஒன்றை என் முற்றத்திலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் ரேடியேட்டர் முகப்பில் அடைத்திருக்கும் பூச்சி, புல், பிளாஸ்டிக் உறை. விசிறி சுற்றுகிறதா. கூலன்ட் குறைகிறதா.

டாஷ்போர்டில் உள்ள முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது நடுவிலேயே நின்றுகொண்டு, எல்லாம் கைமீறிய பிறகுதான் ஏறும். காரின் கோளாறு பார்க்கும் (ஓபிடி) சாக்கெட்டில் செருகும் சிறிய கருவி வாங்கிப் போனில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். நான் 110இல் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

இன்ஜின் ஆயில் சூடு இன்னும் முக்கியம். 130 டிகிரி தாண்டினால் உள்ளே வாருங்கள். 86க்குக் கம்பெனி சொல்வது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில், டிராக்குக்குக் கொஞ்சம் கெட்டியான 5டபிள்யூ-30 போடுகிறவர்கள் பலர், நானும் அப்படியே. ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் கூலர் போட்டால் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் போடுங்கள். இல்லையென்றால் குளிர்கால விடியலில் என்3 வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாயில் ஆயில் சூடேறவே ஏறாது.

நீண்ட வளைவில் இன்ஜின் ஒரு நொடி இருமுகிறது. பிளக்கா? காயிலா?

டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? பாதிக்குக் கீழே என்றால் வேறெதையும் கழற்றாதீர்கள். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. 86 இதற்குப் பேர் போனது. டேங்கை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். நேர்சாலையிலும் இருமினால் அப்புறம் பிளக், காயில் என்று தேடலாம்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

சாதாரணப் பாலிசிகள் பெரும்பாலும் பந்தயத் தடத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும், சுற்று நேரம் அளக்காமல் ஓட்டினாலும்தான். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை வாசியுங்கள். காரில் செய்த மாற்றங்களையும் சொல்லிவையுங்கள், மறைத்தால் சாதாரண விபத்துக்கும் கை விரிக்கலாம். காரை இழந்தால் தாங்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்.

முதல் முறை போகிறவன் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ. ஹெல்மெட் எந்தத் தரத்தில் வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேளுங்கள். இழுவைக் கொக்கியை முன்னால் மாட்டிவிடுங்கள், மணலில் புதைந்தால் அதைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். டார்க் ரென்ச், அளவுமானி, காற்றடிக்கும் சிறிய பம்ப், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், ஒரு புட்டி பிரேக் ஆயில், பழைய பேட் ஒரு செட். பூட்டில் உருளும் எல்லாவற்றையும், காலடி விரிப்பையும் வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீர் நிறைய. ஒரு பெரிய பக்கெட் பிரியாணி கொண்டுபோனால் பிட்டில், அதாவது தடத்தோரம் கார்கள் நிற்கும் இடத்தில், யாரும் உங்களுக்கு ஸ்பேனர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

சக்கர நட்டு என் காருக்கு 120 நியூட்டன் மீட்டர். காலையில் ஒரு முறை, முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் ஒரு முறை பார்ப்பேன்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா?

வைக்கலாம். வீட்டில் வைத்து நசுக்கிவிட்டு வாருங்கள், பிட்டில் வேண்டாம். பச்சை மிளகாய் கட்டிய கயிற்றை பம்பரில் தொங்கவிட்டு வந்த ஒரு அண்ணனை முதலில் அதை அவிழ்க்கச் சொன்னார்கள்.

அன்றைக்கே டர்பனுக்குத் திரும்பலாமா?

நான் திரும்புவதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அக்கா வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புவேன். நாள் முழுக்க அடித்த காரும் ஆளும் இருட்டில் வான் ரீனன் இறங்குவது நல்லதல்ல, மூடுபனியும் லாரிகளும் அங்கே சகஜம். கிளம்புமுன் பேட் கனம், பிரேக் ஆயில் மட்டம், இன்ஜின் ஆயில், கூலன்ட், டயரின் உள் ஓரம், நட்டு. பேட் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பூட்டில் உள்ள பழைய செட்டை அங்கேயே மாற்றுவேன், அதற்குத்தான் அதைச் சுமந்து போவது. வழியில் ஹாரிஸ்மித்தில் நிறுத்தி டீ குடிக்கும்போது நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பார்க்கிறேன். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் அனலாகவும் இருந்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. போன ஆடியில் பின் இடது அப்படி இருந்தது. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவ நாற்பது நிமிடம் ஆனது, டீ ஆறிப்போனது.